கூடைக் கயிறு

வீட்டுக்கு ஒரு வாத்தியார் உள்ள ஊர் நாசரேத். நாசரேத்துக்காரி என்றால் தூத்துக்குடியில் கேள்வியே கிடையாது, டீச்சர்தான். ஜெயசெல்வி வாழ்நாளில் ஒரு சாக்பீஸைக் கையில் எடுத்தவளில்லை. துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம். அவுரி இலையும் உலர்ந்த பூவும் உப்பும் எந்தக் கப்பலில் எந்த ஊருக்குப் போகிறது என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. ஆனாலும் தெருவில் எல்லாருக்கும் அவள் டீச்சர். மூக்குக் கண்ணாடியும் கஞ்சி போட்ட காட்டன் சேலையும் சேர்ந்துவிட்டால் வேறு என்னவாக இருக்க முடியும்? இரண்டொரு முறை திருத்திப் பார்த்துவிட்டு அவளும் விட்டுவிட்டாள். டீச்சர் என்று கூப்பிடுகிறவர்கள் மேற்கொண்டு எதையும் கேட்பதில்லை, அதுவும் ஒரு வசதிதான்.

கேட்டால் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. கல்லூரியை முடித்த வயதில் அவளுக்குத் தூக்கம் போயிற்று. பக்கத்து வீட்டு ரேடியோ தன்னைப் பற்றியே பேசுகிறது என்றாள். சோற்றில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளினாள். அப்பா அம்மா அதற்குள் போய்விட்டார்கள். அண்ணன் தேவதாசன் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். இளந்தாரி, ஒற்றை ஆள், பயந்துவிட்டான். யாரோ சொன்னார்கள் என்று கோர்ட்டில் மனுப் போட்டான்.

ஜீப் வந்தது வேதக்கோயிலில் ஊர் கூடிச் சாப்பிடும் அசனத்தன்று. சபையார் எல்லாரும் வரிசையாக இலை முன்னால் உட்கார்ந்து, சோறு போட்டாகி, ஜெபத்துக்குக் கண்ணை மூடியிருந்த நேரம். இரண்டு பெண் போலீஸ்கள் வந்து அவளை இலையிலிருந்து தூக்கினார்கள். கண்ணை மூடியிருந்த ஊர் மொத்தமும் கண்ணைத் திறந்தது. உன் பேர் என்ன என்று மாஜிஸ்திரேட் கேட்டால் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். அவர் டாக்டர்களின் சர்டிபிகேட்டைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. ஒரு வருஷத்துக்குக் கிட்ட எங்கோ ஒரு மனநல மருத்துவமனையில் கிடந்தாள். எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. அன்றைக்குச் சட்டம் அப்படித்தான் இருந்தது.

தேறி வந்த பிறகு நாசரேத்தில் அவளால் தெருவில் இறங்க முடியவில்லை. வேலை தேடித் தூத்துக்குடிக்கு வந்து, பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் தங்கினாள். மாத்திரையை விடாமல் போட்டாள். நடுவில் ஒரு தடவை நோய் லேசாகத் தலைகாட்டியது, மருந்தைக் கூட்டியதில் அடங்கியது. கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அப்படியே ஐம்பதைத் தாண்டிவிட்டாள்.

அண்ணன் கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு வருவான். கெட்டவன் இல்லை. தங்கச்சியை அன்றைக்கு அப்படித் தூக்கிக் கொடுத்தது அவனையும் அரித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கேக்கை வெட்டி முடித்ததும் வருஷா வருஷம் ஒரே பேச்சுத்தான்.

"செல்வி, மலையடிவாரத்துல ஒரு இல்லம் இருக்கு. நம்ம சபைக்காரங்கதான் நடத்துதாங்க. நல்ல காத்து. ஆயுசுக்கும் பாத்துக்கிடுவாங்க. எனக்கும் ரிட்டயர்டு ஆயாச்சு, எத்தன நாளைக்கு நான் இருப்பேன், சொல்லு?"

"இப்ப என்ன வந்துச்சுண்ணே? நல்லாத்தான இருக்கேன்."

"இப்பம் இல்லம்மா. அடுத்த தடவ வந்தா."

அந்த இல்லத்தை அவள் போய்ப் பார்த்திருந்தாள். காற்று நல்ல காற்றுதான். உள்ளே போனவர்கள் வெளியே வந்ததாக மட்டும் அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை. அன்றிலிருந்து அவளுக்கு நோயைப் பற்றிக்கூட அவ்வளவு பயமில்லை. நோய் வந்து புத்தி மங்கிக் கிடக்கிற நாளில் அண்ணனின் கார் வந்து வாசலில் நிற்குமே, அதுதான் பயம்.

மாத்திரை வாங்கப் போன ஒரு நாளில் அரசு ஆஸ்பத்திரியின் மனநல டாக்டரம்மாதான் வழியைச் சொன்னார். "இப்பச் சட்டம் மாறிடுச்சு. உங்களால முடிவெடுக்க முடியாத நேரத்துல உங்களுக்காக நிக்க ஒரு ஆள நீங்களே முன்கூட்டி எழுதி வைக்கலாம். வெள்ளைத் தாள் போதும். நீங்க கையெழுத்துப் போடணும், அவரும் சம்மதிச்சுப் போடணும். சொந்தக்காரரா இருக்கணும்னு இல்ல, யாரா வேணும்னாலும் இருக்கலாம்."

"எழுதி வைக்கலைன்னா?"

"அப்ப சொந்தக்காரங்கதான்."

ஜெயசெல்வி அன்றே ஒரு வெள்ளைத் தாள் வாங்கி மேசைமேல் வைத்தாள். சட்டம் யாராவது ஒருவரை எழுது என்று தாராளமாகச் சொல்லிவிட்டது. அந்த ஒருவருக்கு எங்கே போவது? போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தாள். கேஸ் கம்பெனி, கஸ்டம்ஸ், அண்ணன், ஆட்டோ. மனுஷி அன்றைக்கு அழுதாள்.

முதலில் முதலாளி ராஜதுரையிடம் கேட்டாள். நல்ல மனிதர்தான், ஆனால் விஷயத்தைக் கேட்டதும் மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டை இடம் மாற்றி மாற்றி வைத்தார். "டீச்சர், லீவு கேளுங்க, சம்பளம் கூட்டிக் கேளுங்க. இது குடும்ப சமாச்சாரம்லா?" என்றார். அடுத்து கோயிலில் பெண்கள் ஐக்கியத்தில் பழக்கமான கிருபை. கிருபை அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். "கண்டிப்பா ஜெபிக்கேன்க்கா" என்றாள்.

அந்த ஜெபம்தான் வினையாயிற்று. எங்கள் பக்கத்து வேதக்கோயில்களில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு என்ன கஷ்டமோ அதை எழுதிக் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உபதேசியார் சத்தமாக வாசிப்பார், சபையே சேர்ந்து ஜெபிக்கும். கிருபை நல்லெண்ணத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டாள். "மனநலம் பாதிக்கப்பட்டிருக்கும் சகோதரி ஜெயசெல்விக்காகவும், அவர்களுக்குக் கையெழுத்துப் போட ஓர் ஆள் கிடைக்கும்படியாகவும்" என்று மைக்கில் வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இங்கே ஊர் வாய்க்கு மைக்கும் சேர்த்துக் கொடுத்தாயிற்று. சபை ஆமென் சொன்னது. அடுத்த ஞாயிறு அவள் உட்கார்ந்த பெஞ்சில் அவளைத் தவிர யாரும் இல்லை. அதற்கடுத்த ஞாயிறு அவளும் இல்லை.

ஜெயசெல்வி குடியிருந்த மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் இஞ்ஞாசி பெட்டிக்கடை வைத்திருந்தார். ஒரு காலத்தில் சங்கு குளித்தவர். படகில் கம்ப்ரஸர் ஓட, இடுப்பில் கட்டிய கயிற்றை மேலே ஒருவர் பிடித்திருக்க, வாயில் காற்றுக் குழாயைக் கவ்விக்கொண்டு ஆழத்தில் இறங்கிச் சங்கு பொறுக்கியவர். ஒரு நாள் விபத்தில் இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய், வருஷக்கணக்கில் கிடந்து, இப்போது கைத்தடியோடு நாலு எட்டு வைப்பார். மனைவி இறந்துவிட்டாள். மகன் குவைத்தில். மாடிப்படி ஏற அவரால் முடியாது. ஆகையால் பால் வேண்டிய நாள் காலையில் ஜெயசெல்வி மாடியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவாள், அவர் பால் பாக்கெட்டைப் போட்டுக் கயிற்றை ஒரு இழுப்பு இழுப்பார், அவள் தூக்கிக்கொள்வாள். அவர்களுக்குள் இருந்த பழக்கம் இவ்வளவுதான். பெஞ்சு காலியான அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் கூடை தாமதமாக இறங்கியது.

"டீச்சர், உடம்புக்கு என்ன?" என்று கீழிருந்து சத்தம் வந்தது.

ஊரே அவளுக்காக ஜெபித்திருந்தது. உடம்புக்கு என்ன என்று கேட்டது இந்த ஒரு வாய்தான். அவள் கீழே இறங்கி, காலி சோடாப் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அசனம், ஜீப், மலையடிவாரம், வெள்ளைத் தாள்.  கூடப்பிறந்த அண்ணன் இருக்க வேறு ஆள் எதற்கு என்று யாராயிருந்தாலும் கேட்பார்கள், இஞ்ஞாசி அதைக் கேட்கவில்லை.

"எங்க ஆளுகள்ல முத்துக் குளிக்கிற காலத்துலயே ஒரு பேச்சு உண்டு டீச்சர். கயிறு பிடிக்க மச்சினந்தான் நிக்கணும், கூடப்பிறந்தவன் நிக்கக் கூடாதும்பாங்க. கூடப்பிறந்தவனுக்குச் சொத்து ஆசைன்னு சொல்லுவாங்க. அதெல்லாம் சும்மா. நான் அன்னைக்குக் கீழ கிடக்கும்போது என் மச்சினனுக்குக் காய்ச்சல். மேல எங்க அண்ணன் நின்னான். கம்ப்ரஸர் சத்தம் கொஞ்சம் மாறுனதும் பதறிட்டான். நான் கயித்த ஆட்டிச் சைகை குடுக்கவே இல்ல. சட்டுனு இழுத்துப்புட்டான். அந்த ஆழத்துல இருந்து அப்படி வேகமா வரக்கூடாது, நரம்பு போயிரும். வந்தேன், இந்தா இப்படி இருக்கேன்." காலைத் தட்டிக் காட்டினார். "அவன் என் மேல உசுருதான். பயந்தவன் கையில கயிறு இருக்கப்படாது, அவ்வளவுதான். தாளக் கொண்டாங்க."

அன்றே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு பிரதி ஆஸ்பத்திரியில் அவள் சீட்டோடு சேர்ந்தது. இஞ்ஞாசி தன் பிரதியை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி மாதா படத்துக்குப் பின்னால் செருகினார். அடையாளமும் பேசிக்கொண்டார்கள். வருகிறது என்று தோன்றினால் ஜெயசெல்வி கூடையில் மாத்திரை அட்டையை வைத்து இறக்குவாள். அதைப் பார்த்ததும் அவர் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடுவார்.

"ஆனா ஒண்ணு. நீங்க சைகை குடுக்காம நான் இழுக்க மாட்டேன். அது சத்தியம்" என்றார் இஞ்ஞாசி. அவளுக்கு அதைக் கேட்கத்தான் எவ்வளவு ஆறுதலாக இருந்தது!

நல்ல மனிதர்கள் செய்யும் தவறு இப்படித்தான் ஆரம்பிக்கிறது. கடலுக்குள் இருக்கிறவனுக்குத் தான் கடலுக்குள் இருப்பது தெரியும். இந்த நோயில் விழுகிறவளுக்கு அது தெரியாது. அடுத்த வருஷம் சித்திரை வெயிலில் அது வந்தபோது, மாத்திரையிலேயே கை வைத்திருக்கிறார்கள் என்று ஜெயசெல்விக்குத் தோன்றியது. பிறகு எங்கே அட்டையை வைத்துக் கூடையை இறக்குவது? மாடிப்படியைக் கழுவ ஆரம்பித்தாள். கழுவிய படியையே மறுபடியும் கழுவினாள். தண்ணீர் இஞ்ஞாசியின் கடை வாசல் வரை ஓடி வந்தது. கூடை இறங்கவில்லை. அவர் எடுத்து வைத்த பால் கெட்டுப்போயிற்று, மறுநாள் எடுத்து வைத்ததும் கெட்டுப்போயிற்று.

"டீச்சர்!" என்று கூப்பிட்டுப் பார்த்தார். "எனக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி, அழுக்கு போகல, அதான்" என்று மேலிருந்து பதில் வந்தது. குரல் சரியில்லை என்று அவருக்கும் தெரிந்தது. பாம்பென்று அடிக்கவும் முடியாமல், பழுதென்று தாண்டவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். சைகை வரவில்லையே. சைகை இல்லாமல் இழுத்தால் என்ன ஆகும் என்று அவருடைய காலே சாட்சி. மேலும் இரண்டு நாள் காத்திருந்தார்.

அவள் வெளியே போனதை அவர் பார்க்கவில்லை. துறைமுகச் சாலையில் கொதிக்கும் தாரில் செருப்பில்லாமல் நடந்து, கண்டெய்னர் லாரிகளுக்கு முன்னால் போய் நின்று கையைக் காட்டி நிறுத்தினாள். எல்லாக் கண்டெய்னரிலும் தன் பெயர் ஏற்றப்பட்டிருக்கிறது, சீல் வைத்ததை உடைத்துப் பார்க்க வேண்டும் என்றாள். ஒரு லாரி உரசிக்கொண்டு போய் பிரேக் பிடித்தது. டிரைவர்தான் இறங்கி வந்து அவளை ஓரமாக உட்கார வைத்துப் போலீஸுக்குப் போன் செய்தார்.

இந்த முறை ஜீப் வந்தபோது ஒரு பெண் காவலர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் தயாராக வைத்திருந்த பதிலை ஜெயசெல்வி சொன்னாள். "உங்களுக்கு அடிபட்டுரக் கூடாதுன்னு கூட்டிட்டுப் போறோம். ஸ்டேஷனுக்கு இல்ல, ஆஸ்பத்திரிக்கு" என்றாள் காவலர். பிறகு ஜெயசெல்வியின் போனை வாங்கி அதில் அண்ணன் என்றிருந்த எண்ணைக் கூப்பிட்டாள். வேறு யாரைக் கூப்பிடுவாள்?

நாசரேத்திலிருந்து தேவதாசன் காரில் வந்து சேர்ந்தபோது ஜெயசெல்வி ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை. தேவதாசன் ஒரு பையில் தங்கச்சிக்கு மாற்றுச் சேலையும் துண்டும் பைபிளும் எடுத்து வந்திருந்தான். தங்கப் போகிற ஆளுக்கு எடுத்து வைத்த பை.

"நான் கூட்டிட்டுப் போறேன் டாக்டர். இல்லத்துல பேசியாச்சு" என்றான்.

டாக்டரம்மா ஜெயசெல்வியின் பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, அவள் எழுதி வைத்த ஆளுக்குச் சொல்லி அனுப்பியிருப்பதாகச் சொன்னார். சொல்லி வாய் மூடுவதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கைத்தடியை ஊன்றி, பிளாஸ்டிக் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இஞ்ஞாசி வந்தார்.

"இவரு யாரு?" என்றான் தேவதாசன்.

"கீழ்வீட்டுல கடை வச்சிருக்கேன்."

"கடைக்காரரா? நான் கூடப்பிறந்தவன்யா."

"ஆமா சார். தெரியும்."

டாக்டரம்மா இஞ்ஞாசியைத் தனியாக உட்கார வைத்து விளக்கினார். "நானும் இன்னொரு டாக்டரும் தனித்தனியாப் பார்த்துட்டோம். இந்த நிலையில வெளிய விட்டா அவங்க உயிருக்கே ஆபத்து. ஆனா வார்டுல சேர அவங்க சம்மதிக்கல. நீங்க அவங்க சார்பா எழுதிக் கொடுத்தா சேர்க்கலாம். ஒரு மாசத்துக்குமேல தானா நீளாது, அதுக்கு முன்னாலயே தெளிஞ்சு அவங்க போறேன்னு சொன்னா விட்டுருவோம். பொம்பள ஆளச் சேர்த்தா மேல இருக்கிற மனநல வாரியத்துக்கும் நாங்க தெரியப்படுத்தணும். நீங்க எழுதலன்னா எங்களால கட்டாயமா வச்சுக்க முடியாது. அப்புறம் அண்ணன் கூட்டிட்டுப் போறேங்கிறார்."

இஞ்ஞாசி கட்டிலருகே வந்தார். ஜெயசெல்வி நிமிர்ந்து பார்த்தாள். அவரை அடையாளம் தெரிந்தது. அந்த அறையில் அவளுக்கு அடையாளம் தெரிந்த முகம் அது ஒன்றுதான்.

"அண்ணாச்சி, இழுக்காதீங்க" என்றாள். "நான் சைகை குடுக்கல. சத்தியம் பண்ணியிருக்கீங்க."

புத்தி தடுமாறிக் கிடந்தவளுக்கு அது மட்டும் எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருந்தது.   நாலு நாளாகத் தண்ணீர் படியில் இறங்கி வந்ததே, அதைவிடச் சைகை என்ன வேண்டியிருந்தது என்று இஞ்ஞாசிக்கு அப்போதுதான் உறைத்தது. மேசைக்குத் திரும்பிப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ஜெயசெல்வி கத்தவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அது கத்தலைவிட மோசமாக இருந்தது. அவர் பிறகு அவள் இருந்த பக்கம் பார்க்கவில்லை. தேவதாசன் பையைக் கட்டில்மேல் வைத்துவிட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்து அழுதான். நிம்மதியா துக்கமா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

மாதம் முடிவதற்குள் ஜெயசெல்விக்குத் தெளிந்தது. தானே சொல்லி வெளியே வந்தாள். அண்ணன் காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்றான். வேண்டாம் என்று பஸ்ஸில் வந்தாள். கடை திறந்திருந்தது. இஞ்ஞாசி அவள் வருவதைப் பார்த்ததும் உள்ளே எழுந்து போய்விட்டார். அவளும் நிற்காமல் படியேறினாள். கோபம் இருந்தது. தெளிந்த புத்திக்கு அவர் செய்தது சரி என்று தெரிந்தது. ஆனால் சுவரைப் பார்த்துக் கிடந்தவள் ஒருத்தி உள்ளேயே இருந்தாள், அவளுக்கு அது ஆறவில்லை. சில நாள் முனையில் இருக்கும் கடையில் போய்ப் பால் வாங்கினாள். வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதும்போது மட்டும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கோயிலிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் யாரும் வரவில்லை. வருவார்கள் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த தடவை மாத்திரை வாங்கப் போனபோது டாக்டரம்மா, "அந்தப் பேர மாத்தணும்னா மாத்திக்கலாம். எப்ப வேணும்னாலும் ரத்துப் பண்ணலாம்" என்றார். ஜெயசெல்வி வெள்ளைத் தாள் வாங்கிக்கொண்டு வந்தாள். எழுதி முடித்து, கீழே இறங்கி, கடைப் பலகையில் வைத்தாள். இஞ்ஞாசி தாளைத் தொடவில்லை.

"வேற ஆளப் போடுங்க டீச்சர். நான் காத்திருந்ததும் தப்பு. சத்தியத்த மீறி இழுத்ததும்..."

"உங்க மேல எனக்குக் கோவந்தான்" என்றாள் அவள். "வேற ஆளுக்கு நான் எங்க போவேன்? வாசிங்க."

அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வாசித்தார். பெயர் அதே பெயர்தான். அடியில் ஒரு வரி புதிதாக இருந்தது. ஒரு நாள் காலையில் கூடை இறங்காவிட்டால் அதுவே என் சைகை, அதற்குமேல் என்னைக் கேட்க வேண்டாம், நான் இழுக்காதே என்று சொன்னாலும் இழுக்கவும். அவர் மறுபடி ஒரு முறை வாசித்தார். பிறகு பேனா கேட்டார்.

இப்போது தினமும் காலையில் மாடியிலிருந்து கூடை இறங்குகிறது. பால் வாங்க வேண்டிய நாளில் பாலோடு மேலே போகிறது. மற்ற நாளில் வெறும் கூடையாகத்தான் வருகிறது. இஞ்ஞாசி எழுந்து போய்க் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்புகிறார். வெறும் கூடையை ஜெயசெல்வி மெதுவாக மேலே இழுத்துக்கொள்கிறாள்.